லேப்டாப்பில் இடம் போதவில்லை

12.6 வியாழன்

காலையிலேயே வெயில். வராந்தாவில் துடைத்த இடத்திலேயே மறுபடி கரித்தூள். லேபில் ஓவன் ரிப்பேர். ஈரம் பார்க்க வேண்டிய நிலக்கரி சாம்பிள் எல்லாம் தேங்கிக் கிடக்கிறது. ரிப்போர்ட் டைப் செய்ததோடு சரி.

மாலை வேலை: லேப்டாப். பையன் இளங்கோ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் புதிது வாங்கிக்கொண்டு இந்தப் பழையதை எங்களிடம் விட்டுப் போனான். அவருக்கு இதில் பையனின் ஜாதகமும் பயோடேட்டாவும் ஏற்ற வேண்டும். ஏறவில்லை. இடம் போதவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

"இன்னாடி இது, இத்தாம் பெரிய பொட்டியில ஒரு ஜாதகம் வைக்க எடம் இல்லையா?"

சர்வீஸ் முழுக்க மைன்ஸில் கன்வேயர் பக்கத்தில் நின்ற காது. எதையும் கத்தித்தான் சொல்வார். ரிட்டயர் ஆன பிறகு இன்னும் சத்தம்.

பார்த்ததில், இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது மூலையில் இருக்கும் நீல மேகம். இளங்கோ காலேஜ் நாளில் போட்ட ஆப். அவனுடைய அக்கவுண்ட். ஃபோனில் அவன் எடுக்கிற படமெல்லாம் அங்கே ஏறி, இங்கே தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இது இங்கே ஓடுவதையே மறந்திருப்பான்.

எடுத்துவிட வேண்டியதுதான். நாளைக்கு.

கேஸ் புக் செய்தாச்சு. உளுந்து ஊறப் போடணும்.

13.6 வெள்ளி

புழுக்கம். அவர் கிளப்புக்குப் போயிருந்தார்.

ஆப்பை எடுப்பதற்கு முன், உள்ளே தேவையானது ஏதாவது இருக்குமோ என்று திறந்தேன். அதற்காகத்தான் திறந்தேன்.

காலேஜ் நோட்ஸ். ஊட்டி டூர். எங்கள் கொல்லைப் பலாமரம். பிறகு இந்த வருஷத்துப் படங்கள்.

ஆபீஸில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரூமில், பகல் வெளிச்சத்தில். அதே ஜன்னல், பல தடவை. தரையில் ஒரு தட்டு, தயிர் சாதம், பாதி சாப்பிட்டது. கழுத்தில் மாட்டும் ஆபீஸ் அட்டை, மேசைமேல் தனியாக. ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. பெரிதாக்கிப் படித்தேன். மனநலப் பிரிவு. மாத்திரை அட்டையின் பின்பக்கம், பெயர் தெரிகிற மாதிரி. வேலை கேட்டு அனுப்பிய இடங்களிலிருந்து வந்த பதில்களையும் படம் பிடித்து வைத்திருக்கிறான். எல்லாம் ஒரே மாதிரி. வருந்துகிறோம்.

போன ஞாயிறு ஃபோனில் என்ன சொன்னான்? "ஆபீஸ்ல செம பிஸிம்மா. ரிலீஸ் இருக்கு."

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். குக்கர் விசில்தான் வந்தது. போய் அடுப்பை அணைத்தேன். ரசம் வைத்தேன். அப்பளம் பொரித்தேன்.

பிறகு வந்து, காலேஜ் ஃபோல்டர்களை மட்டும் 'இடத்தை விடுவி' என்று கொடுத்தேன். பச்சை டிக் போய் மேகம் வந்தது. இங்கே இடம் காலியாகும், அவனுக்கு ஒன்றும் அழியாது. ஜாதகத்துக்கு அது போதும்.

ஆப்பை எடுக்கவில்லை.

"ஆச்சா?"

"ஆச்சுங்க. இடம் வந்துடுச்சு."

"அப்பிடி போடு."

15.6 ஞாயிறு

காலையில் தூறல், பிறகு மேகமூட்டம். காடாம்புலியூர். பெண் வீடு.

சம்பந்தம் கொண்டுவந்தது அவருடைய அக்கா. அண்ணிக்கு அதே ஊர். முந்திரித் தோப்பு, மாடி வீடு, ஒரே பெண். பவித்ரா. பி.ஃபார்ம் முடித்துவிட்டு பண்ருட்டியில் மருந்துக் கடையில் வேலை. கறுப்பாக, களையாக, நிதானமாகப் பேசுகிற பெண்.

இளங்கோவும் பவித்ராவும் ஒரு தடவை வீடியோவில் பேசியிருக்கிறார்கள். அதோடு சரி.

இவர் பெரிய கம்பெனி, பெரிய சம்பளம், அடுத்த வருஷம் வெளிநாடு என்று சொல்லிக்கொண்டே போனார். பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிசின் ஒட்டிக்கொண்டது.

பெண்ணின் அம்மா: "ஆனிக்குள்ள நிச்சயம் பண்ணிக்கினா ஆவணில முடிச்சிடலாம்ங்க. நடுவுல ஆடி வந்துடும்."

கை கழுவப் பின்பக்கம் போனேன். பவித்ரா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள், பிசின் போவதற்கு. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத்த, அவங்களுக்கு இதுல இஷ்டந்தானங்க? அன்னிக்கு எம்மூஞ்சிய பாக்கவே இல்ல. நான் கேட்டதுக்கெல்லாம் ம், ம்னு சொல்லிக்கினு இருந்தாங்க."

இஷ்டம்தான்மா என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

"கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து. சந்தோஷமாக இருக்கிறார்.

16.6 திங்கள்

அவர் எழுந்திருப்பதற்கு முன் லேப்டாப். ஒரு புதுப் படம் இறங்கியிருந்தது. பார்க் பெஞ்ச், பக்கத்தில் அவன் செருப்பு. வெளியே போயிருக்கிறான். நல்லது.

லேபில் ஓவன் சரியாகிவிட்டது. சாம்பிளை எடை போட்டேன், உள்ளே வைத்தேன், எடுத்தேன், எடை போட்டேன். பக்கத்து மேசை லலிதா ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று ஞாபகம் இல்லை. ஆமாம் என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கிற விஷயம்தான் போலிருக்கிறது.

அந்த மாத்திரை பெயரை நெட்டில் தேடினேன். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. தானாக நிறுத்தக் கூடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவனிடம் கேட்கலாம். எப்படித் தெரியும் என்பான். உன் படங்களையெல்லாம் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டால்?

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, பினாயில், அவருக்கு ஷேவிங் பிளேடு.

18.6 புதன்

காற்று. துணி எல்லாம் கரி.

மாலை வீடியோ கால். அவனே செய்தான், புதன்கிழமையில். மெலிந்திருக்கிறான். தாடி. சட்டை மட்டும் அயர்ன் செய்தது.

"அம்மா, அந்தப் பழைய லேப்டாப்ப யாராச்சும் தொறக்கிறீங்களா?"

"அப்பா ஜாதகம் வெச்சிருக்காரு. ஏம்ப்பா?"

"இல்ல, ஸ்டோரேஜ் ஃபுல்னு எனக்கு மெயில் வந்துது. உள்ள போய்ப் பாத்தா அந்த லேப்டாப்பும் லிஸ்ட்ல இருக்கு. அதுல என் அக்கவுண்ட் ஓடிட்டிருக்குன்னே இப்பதான் தெரியும். எடுத்துடலாம், நான் சொல்லச் சொல்லப் பண்ணு."

ஃபோனைச் சாய்த்து வைத்து, திரை அவனுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"கீழ வலது பக்கம், சின்னதா மேகம் மாதிரி ஒண்ணு இருக்கா?"

எனக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். மவுஸை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைய விட்டேன். "எங்கப்பா? இதுவா?"

"அது சவுண்டும்மா. பக்கத்துல. ஆங், அதான். இப்ப பல்சக்கரம் மாதிரி இருக்கும், அத அமுக்கு. செட்டிங்ஸ். அதுல அக்கவுண்ட். 'அன்லிங்க்'னு இருக்கா?"

"நேரா இந்த ஆப்ப அழிச்சுட்டா போதாதா?"

"மொதல்ல அன்லிங்க். அது பண்ணாம ஃபோல்டர அழிச்சா எனக்கும் எல்லாம் அழிஞ்சிடும்."

பொறுமையாகச் சொன்னான். சின்ன வயதில் அவனுக்கு நான் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்த மாதிரி. ரொம்ப நாளைக்குப் பிறகு இவ்வளவு நேரம் பேசினான். நான் இன்னும் இரண்டு இடத்தில் தப்பாக அமுக்கினேன்.

அன்லிங்க் ஆனது. ஆப் போனது. மூலையில் மேகம் இல்லை. ஆனால் ஃபோல்டர் அப்படியே நின்றது, இறங்கியவை அத்தனையும் உள்ளே.

"அதத் தொறக்காதம்மா. மேலயே வெச்சு ரைட் கிளிக், டெலீட். அப்புறம் குப்பைத் தொட்டியும் காலி பண்ணிடு."

"சரிப்பா."

"உள்ள எதுனா பாத்தியா?"

"எனக்கு இதெல்லாம் எங்கப்பா தெரியும்."

அவன் தோள் இறங்கியது. மூச்சு விட்டான், ஃபோனில் கேட்டது.

டெலீட் கொடுத்தேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. தொட்டியையும் காலி செய்தேன். ஜன்னல், தட்டு, பெஞ்ச், எல்லாம்.

"தேங்க்ஸ்மா. வெக்கட்டா?"

"சாப்டியா?"

"ம்."

"அந்த மாத்திர போட்டுட்டு வண்டி ஓட்டாத, கண்ணு."

சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது.

"எந்த மாத்திரைம்மா?"

"சளிக்குப் போடுவியே, அது."

"எனக்கு சளி இல்லம்மா."

கட் ஆகிவிட்டது. நான் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

அவர் டிவி ரூமிலிருந்து: "யாரு, பையனா? நிச்சயத்துக்கு லீவு போடச் சொன்னியா?"

19.6 வியாழன்

விடிந்ததும் கை தானாக லேப்டாப்பைத் திறந்தது. மேகம் இல்லை. டெஸ்க்டாப்பில் ஜாதகமும் பயோடேட்டாவும் மட்டும். இடம் ஏராளமாக இருக்கிறது.

சாப்பிட்டானா, வெளியே போனானா, எதுவும் இனி வராது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஃபோன் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன்: 'பாத்துட்டேன்ப்பா. தப்புதான். கோபப்படு, ஆனா ஃபோன் எடு.' நீல டிக் வந்தது. பதில் இல்லை. நீல டிக் வந்ததே போதும் என்று வேலைக்குப் போனேன்.

லன்ச் நேரத்தில் அண்ணி ஃபோன். நாள் பார்த்துவிட்டார்களாம். பந்தலுக்கு, சமையலுக்கு ஆள் சொல்லப் போகிறார்களாம். "நீ ஒரு வார்த்த சொல்லு வசந்தி, நான் முன்ன நின்னு எல்லாம் பாத்துக்கிறேன்."

"வேணாம் அண்ணி. நிறுத்திடுங்க."

"இன்னாது?"

"இப்போதைக்கு வேணாம்."

அண்ணி வைத்ததும் பவித்ரா நம்பருக்கு அடித்தேன். லேப் பின்னால் வேப்பமரத்தடி. கன்வேயர் சத்தம். கடையில் இருந்தாள்.

"கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்மா. அவன் மனசு இப்ப கல்யாணத்துக்குத் தயாரா இல்ல. அத மறைச்சு உன்னக் கட்டிவெக்க எனக்கு மனசு வரல."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"சரிங்க அத்த. வூட்ல நான் சொல்லிக்கிறேன்." பிறகு, "அவங்க நல்லா இருக்காங்களா?"

அவன் நல்லா இருக்கிறானா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் சாப்டியா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா" என்றேன். உண்மை.

20.6 வெள்ளி

வெயில். அண்ணி நேற்று இரவே அவருக்குச் சொல்லாமல் இன்று காலையில் சொன்னது நல்லதாயிற்று. ஒரு தூக்கமாவது தூங்கினார்.

"பைத்தியம் புடிச்சிருக்காடி உனக்கு? நல்ல எடத்த எவளாச்சும் வேணாம்பாளா? எந்தலைய எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது?"

கத்தினார். பக்கத்து குவார்ட்டர்ஸில் மிக்ஸி நின்றது. கத்தி முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன். வேலை போனது, ஆஸ்பத்திரி, மாத்திரை, தட்டு, ஜன்னல். வரிசையாக, ரிப்போர்ட் படிப்பதுபோல.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். சோபாவில் உட்கார்ந்தார்.

"போன ஞாயித்துக்கெழம எங்கிட்ட பேசினானே. நல்லா இருக்கேம்பான்னானே."

"ஆமாங்க."

"நான் வெளிநாடு எப்பன்னு கேட்டுக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். இந்த வீட்டில் இவ்வளவு சத்தமில்லாமல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். ஆறவிட்டார். மறுபடி சூடு செய்து கொடுத்தேன். குடித்தார்.

சாயங்காலம் எழுந்து வெளியே போனார். கிளப் என்று நினைத்தேன். திரும்பி வந்து மேசைமேல் ஒரு தாளை வைத்தார். நாளைக்கு ராத்திரி பெங்களூர் பஸ், இரண்டு சீட்.

"உனக்கு லீவு குடுப்பாங்களா?"

"குடுக்கலன்னாலும் வரேன்."

21.6 சனி

மேகமூட்டம், மழை இல்லை. லீவு சொல்லியாச்சு. பால் வேண்டாம் என்று சொல்லியாச்சு. மெயின் ஆஃப். கேஸ் மூடியாச்சு.

அண்ணி இரண்டு தடவை அடித்தார். அவர் எடுத்து, "அப்பறம் பேசறன்க்கா" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பையில்: அவருடைய வேட்டி, சட்டை, ரேடியோ, கொல்லையிலிருந்து பறித்த பலாப்பழத்தில் உரித்தெடுத்த சுளை ஒரு டப்பா. என் பையில்: புடவை, இட்லிப் பொடி, போர்வை. ஏன் போர்வை என்று தெரியவில்லை. வைத்தேன்.

கிளம்புவதற்குக் கொஞ்சம் முன் இளங்கோவுக்கு மெசேஜ் போட்டேன். 'நானும் அப்பாவும் வரோம். காலைல அங்க இருப்போம். நீ எதுவும் சொல்ல வேணாம். கதவ மட்டும் தொற.'

பார்த்துவிட்டான். டைப் செய்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. இவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா போட்றான்?"

"இன்னும் இல்லங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தார். "அப்பாவுக்குத் தெரியும்னு போடு. திட்ட மாட்டாருன்னு போடு."

போட்டேன்.

பதில் வந்தது. இவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.

'சீக்கிரம் வாங்கம்மா.'

ஆட்டோ வந்துவிட்டது.