வீட்டுக்குப் போனவர்கள்

ஜூலை 8

அக்காவுக்கு,

பதினோராம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் நீ பொய் எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

மூன்றாம் பாடம், இடைக்காலப் போர்களும் கிளர்ச்சிகளும். கொள்ளைநோயில் ஊர் ஊராகச் செத்து மிஞ்சிய குடியானவர்கள் தலையில் வரி போட்டார்கள். அவர்கள் அரிவாளையும் கோடரியையும் தூக்கிக்கொண்டு தலைநகரத்துக்கே நடந்தார்கள். பிரபுக்கள் கோட்டைக்குள் பதுங்கிக்கொள்ள, பதினாலு வயது ராஜா குதிரையேறி வந்து, இனி யாரும் பண்ணையடிமை இல்லை என்று வாக்குக் கொடுத்தான். காகிதத்தில் எழுதி முத்திரையும் குத்தித் தந்தான். இதுவரை சரி. அதற்கப்புறம் உன் புத்தகம் சொல்வது: "மன்னர் குடிமக்களின் குறைகளைக் கனிவுடன் கேட்டறிந்தார். மக்கள் மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினர்." கடைசியில் ஒரு கேள்வி வேறு: "மன்னரின் பெருந்தன்மையை விளக்குக." ஐந்து மதிப்பெண்.

கூட்டம் கலைந்ததும் அதே ராஜா படையோடு போய், அடிமையாக இருந்தீர்கள், அடிமையாகவே இருப்பீர்கள் என்று சொல்லி, கொடுத்த காகிதத்தையெல்லாம் ரத்து செய்து, தலைவர்களைத் தூக்கில் போட்டானே, அது எங்கே போயிற்று?

நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ராஜா வாக்குக் கொடுத்த இடத்தில் மணி அடித்துவிட்டது. மிச்சத்தைப் புதுப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். படித்திருக்கிறார்கள். கேட்டால் ராஜா கொடுப்பார் என்று புரிந்துகொண்டு, திங்கட்கிழமை காலையில் மொத்த வகுப்பும் தலைமையாசிரியர் அறை வாசலில் மனுவோடு நிற்கிறது.

மனு எதற்குத் தெரியுமா? எங்கள் மாடியில் மாணவிகளுக்கான கழிப்பறை இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. கீழே உள்ள ஒன்றில் வரிசை நகர்வதற்குள் இடைவேளை முடிந்துவிடும். பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வயிற்றுவலி என்று மேசையில் தலையைச் சாய்த்தால், வயசுப் பெண், அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியர் அறையில் சொல்கிறார்கள். மேலதிகாரி வரும் நாளில் திறக்க மட்டும் தனியாக ஒரு கழிப்பறை பளபளவென்று இருக்கிறது. அதற்குச் சோப்பு கூட உண்டு.

தலைமையாசிரியர் மனுவை வாங்கி, காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இந்த வாரமே திறந்துவிடுவோம் என்றார். ஒரே கைதட்டல். எல்லோரும் சிரித்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினார்கள். இவர்களிடம் மிச்சக் கதையை நான் எந்த முகத்தோடு சொல்வேன்? வெட்டின பத்தியைத் திரும்பப் போடு.

கோபத்தோடு,
உன் தங்கை

ஜூலை 14

என் அருமை ராங்கிக்கு,

நலமா என்று ஒரு வார்த்தை உண்டா? எடுத்த எடுப்பில் பொய்க்காரி. உன் மாமா கடிதத்தைப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி ஸ்டாம்ப் ஒட்டித் திட்டுறா, மரியாதையான பொண்ணு" என்று சிரிக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. நீ மாதக்கணக்கில் வரவில்லை என்று என்னிடம் குறைப்படுகிறாள், நான் என்னவோ உன்னைப் பிடித்து வைத்திருப்பது போல.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பாடத்துக்கு ஆறு பக்கம். போர் வரைபடம் ஒரு பக்கத்தைத் தின்றது. கடைசி நேரத்தில் எங்கள் பாடநூல் துறை இயக்குநர், ராஜா குதிரைமேல் இருக்கும் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார். படம் வந்ததும் எட்டு வரி வழிந்தது. கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே என்று அந்த எட்டையும் எடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் இரண்டு வரியை நான் எழுதிச் சேர்த்தேன். உள்நோக்கம் ஒன்றும் இல்லை. இடமில்லை, அவ்வளவுதான். அந்த எட்டு வரியில் ஒரு ஜனமே செத்தது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு உறைக்கிறது, போதுமா?

பிள்ளைகளிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லாதே. உங்கள் தலைமையாசிரியர் நல்லவராகவே இருக்கலாம். எல்லாரும் அந்த ராஜா இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. குரல் கம்மும்போது வெந்நீர் குடி.

அன்புடன்,
அக்கா

ஜூலை 25

அக்கா,

நலமா? (கேட்டுவிட்டேன்.)

அவர் சொன்ன வாரம் போய், அடுத்த வாரமும் போயிற்று. பூட்டு அப்படியே தொங்கியது. பொறுக்க முடியாமல் புதன்கிழமை மிச்சக் கதையைச் சொன்னேன். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். தூக்குமரம் வரைக்கும் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், வக்கீல் என்று கூப்பிடுவோம், வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணைதான். அவள் எழுந்து, அவர்கள் செய்த தப்பு என்ன என்று கேட்டாள். ஒருவன் ராஜாவை நம்பியது என்றான். இன்னொருத்தி ஆயுதம் போதவில்லை என்றாள். பெரிய சண்டை. கடைசியில் வக்கீலே தீர்ப்புச் சொன்னாள்.

"நம்பினதுகூடத் தப்பில்ல மிஸ். காகிதத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க பாருங்க, அதான் தப்பு."

மறுநாள் கடைசி மணி அடித்தது. பள்ளிக்கூடமே காலியானது, பதினோராம் வகுப்பைத் தவிர. கழிப்பறை வாசலில் ஆரம்பித்துப் படிக்கட்டு நெடுகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. தலைமையாசிரியர் மேலே வர வழியில்லாமல் ஒவ்வொருவராகத் தாண்டித் தாண்டி வந்தார். என்ன இது என்றார்.

"படிக்கிறோம் சார். நீங்க திறந்ததும் போயிடுவோம்."

சாவியைக் காணவில்லை என்றார். பரவாயில்லை, தேடுங்கள் சார், கணக்குப் பாடம் இன்னும் பாக்கியிருக்கிறது என்றார்கள். என்னைப் பார்த்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், அதே படிக்கட்டில். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானும் ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு காவலாளி சுத்தியலைக் கொண்டுவர அதிக நேரம் ஆகவில்லை.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? உடைந்த பெஞ்சுகள், கிழிந்த மேளம், எப்போதோ ஆண்டு விழா நாடகத்துக்குச் செய்த அட்டைச் சிம்மாசனம். அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கட்டடம் ஆடியது. தலைமையாசிரியருக்கும் அடக்க முடியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஒரு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தார். குழாயைத் திறந்தால் முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர்.

இப்போது நான் பாடம் நடத்தும்போது வகுப்பெங்கும் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கிற சத்தம். வேறொரு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். இப்போது கேட்டுக்கொண்டே நடத்துகிறேன்.

எட்டு வரி, அக்கா.

உன் தங்கை

ஆகஸ்ட் 3

என் கண்ணு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிம்மாசனம் வந்த இடத்தில் அவளுக்குப் புரையேறிவிட்டது. இரண்டாவது தடவை வாசிக்கச் சொல்லி மறுபடியும் புரையேறினாள்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அந்த எட்டு வரியையும் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். பதினைந்து வருஷத்தில் நானாக அந்தக் கதவைத் தட்டியதில்லை. மனிதர் அப்படிக் கனிவாகப் பேசினார். தேநீர் வரவழைத்தார். என் தங்கை ஆசிரியை என்றதும் மகிழ்ந்துபோனார். மாத முடிவில் மறுபதிப்பு அச்சுக்குப் போகிறது, அதிலேயே பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் கவலையில்லாமல் போங்கள் அம்மா என்றார். மனசு லேசாகி, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் இனிப்பு செய்தேன். உன் பங்கை உன் மாமா தின்றுவிட்டார்.

இனியாவது என்னைத் திட்டாமல் ஒரு கடிதம் எழுது.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

நீ அந்தக் கதவைத் தட்டினாய் என்று படித்ததும் ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே அழுதேன். அது வேறு. இப்போது திட்டப்போகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை வகுப்பில் வாசித்தேன். என்னை மன்னித்துவிடு, பெருமை தாங்கவில்லை. 'கனிவாக' என்ற இடத்திலேயே பின் பெஞ்சில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தேநீர் வந்ததும் பாதிப் பேர் மேசையில் விழுந்தார்கள். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸ், உங்க அக்காவும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டாரா? பக்கத்தை உன் கண் முன்னால் மாற்றினாரா? அந்தக் குதிரைப் படத்தைச் சின்னதாக்கச் சொன்னாரா? நீயே பதிப்பாசிரியர். அச்சுக்குப் போனபின் அந்தப் பொய்யை அடுத்த ஐந்து வருஷம் லட்சம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள்.

திரும்பப் போ. பக்கம் மாறும்வரை அங்கிருந்து எழுந்திருக்காதே. போவாயா, மாட்டாயா? உடனே எழுது.

தங்கை

ஆகஸ்ட் 21

அக்கா,

பதில் இல்லை. கோபமா? வகுப்பில் வைத்து வாசித்தது தப்புதான்.

பயந்துபோய் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். "இன்னும் ஆபீஸ்லேருந்து வரலைம்மா. மூணு நாளா இப்படித்தான். மடக்கு நாற்காலி ஒண்ணைத் தூக்கிட்டுப் போறா, எதுக்குன்னு கேட்டா முறைக்கிறா. அங்க நாற்காலியெல்லாம் எடுத்துட்டாங்களா என்ன?" என்றார். இயக்குநர் அறைக்கு வருகிறவர்கள் உன்னைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பிப் போகிறார்களாம், உன் ஆபீஸிலிருந்து யாரோ அவரிடம் சொன்னார்களாம்.

நான் போனை வைக்கவே இல்லை. கையில் பிடித்துக்கொண்டே ஆசிரியர் விடுதி நடையில் குதித்தேன். பக்கத்து அறை அறிவியல் ஆசிரியை பல்லியா என்று கேட்டாள்.

இதை உன் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். வகுப்பில் தினமும் கேட்கிறார்கள். எட்டு வரியும் ஏறிவிட்டதா, இல்லை இன்னும் அந்த வாசலில்தான் இருக்கிறாயா? ஒரே ஒரு வரி எழுது, அக்கா.

உன் தங்கை