உங்க தலைமாட்டுத் தேயிலைச் செடி

என் செல்வி அப்பாவுக்கு,

மேலே குளிரில் படுத்திருக்கிற உங்களுக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்க பார்த்துச் சிரிக்கிற அதே கோணல் எழுத்துதான்.

தேயிலை எஸ்டேட்டை மூடி எல்லாரையும் மலையை விட்டு இறக்கிவிட்டாச்சு. அம்பாசமுத்திரத்தில் நம்ம செல்வி வீட்டில் இருக்கேன். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மேலே எஸ்டேட்டுலதானே, வந்த புதுசில் சோறு இறங்கலை. இப்போ ஒண்ணு சொன்னால் கோவிப்பீங்களோ என்னமோ. முட்டுவலி போயிட்டு. துவைத்த சேலை அன்னைக்கே காயுது. அந்த மழையும் அட்டைக்கடியும் லைன் வீட்டு ஒழுக்கலும் எனக்குத் தேடவே இல்லை. ஊரை வெறுத்துட்டேனா? தெரியலை. உங்களை மட்டும்தான் தேடுது.

அதான் போன மாசம் மாலை வாங்கிக்கிட்டு செல்வியோடு பஸ் ஏறினேன். மணிமுத்தாறு செக்போஸ்டில் ஆதார் கேட்டாங்க. என் ஊருக்குப் போக நான் யாருன்னு காட்டணும்.

உங்களைப் புதைச்சப்போ கல்லறை கட்ட வழியில்லை. நம்ம ஆட்கள் எல்லாரும் செய்யுறது போல நானும் தலைமாட்டில் தேயிலைக் கன்று நட்டேன். செல்வி செவ்வந்தி வைக்கச் சொன்னாள். "செவ்வந்தி பட்டுப்போகும், தேயிலை நமக்குப் பிறகும் நிக்கும்"னு அதட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொழுந்து கிள்ளி இடுப்பு உயரத்தில் வச்சிருந்தேன். கை படாவிட்டால் தேயிலை மரமாயிரும்னு எனக்குத் தெரியாதா? கை படாமலே போகும்னு நினைக்கலையே.

இப்போ எல்லார் தலைமாட்டுச் செடியும் ஆள் உயரத்துக்கு மேலே போய் பின்னிக் கிடக்கு. எது நீங்க, எது உங்க சேக்காளி, ஒண்ணும் தெரியலை. அடக்கத்துக்கு அரை நாள்தான் லீவுன்னு சொன்ன கங்காணி அன்னைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். அந்தப் பாவி சட்டை ஞாபகம் இருக்கு. உங்க இடம் தெரியலை. இந்த மண்டையை வச்சு என்ன செய்ய?

"ஏதாவது ஒண்ணுல போடும்மா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"உங்க அப்பாவைப் பத்தி உனக்கு என்னட்டி தெரியும்? பக்கத்து வீட்டுக் காப்பியே குடிக்க மாட்டாவ. மாலை மாறிப் போனா சும்மா இருப்பாவளா?"

ஃபாரஸ்ட் வாட்சர் பையன் வந்தான். "ஆச்சி, வெரசா கிளம்புங்க. ஆனை வார நேரம். யாரைத் தேடுதிய? பேரென்ன?"

எனக்கு வாயில் வரலை. தாலி கட்டின நாளில் இருந்து சொன்னதில்லையே. செல்விதான் சொன்னாள்.

மாலையைத் திரும்பக் கொண்டாந்துட்டேன். ஆணியில் காய்ஞ்சு தொங்குது. பக்கத்தில் வந்து படுப்பேன்னு உங்களிடம் சொன்னது இனி என் கையில் இல்லை. மேலே கொண்டுபோக யார் விடுவா?

என்னால முடிஞ்சது ஒண்ணுதான். அடுத்த தடவை விட்டாங்கன்னா, அந்தத் தேயிலைக்குள்ளே நின்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். மரியாதை கெட்டவள்னு நினைக்காதீங்க. ஒரு கிளையை அசைச்சுக் காட்டுங்க, போதும்.

உங்க வீட்டுக்காரி,
செல்வி அம்மா