சிவந்த மாலைகளின் கணக்கு

பிப்ரவரி 11

மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து இறங்கியது, அதில் தூசி மிதந்துகொண்டிருந்தது. காற்றில் இருக்கும் தூசியைத்தான் முப்பது வருடமாக வடிகட்டுகிறேன், எடை போடுகிறேன், அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். இன்னும் அது வெயிலில் மிதந்தால் பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த அறை கிடைத்தபிறகு அது அதிகமாகிவிட்டது. ஒரு சுவரில் ஒளிமானிகள், வடிகட்டித் தாள்கள். எதிர்ச்சுவரில் பழைய பாடல் தொகுப்புகள், உரைகள். நடுவில் நான். நிறுவனத்தின் இயக்குநர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மேடம், இன்னிக்கு எந்தப் படகுல கால்?" என்பார். ரெண்டிலும்தான் சார்.

பிப்ரவரி 14

எழுதிப் பார்க்கிறேன், எனக்கே தெளிவாகிறதா என்று. எங்கோ ஓர் எரிமலை வெடித்தால் அதன் நுண்தூள் வானத்தில் ஏறி உலகத்தைச் சுற்றும். அந்த வருடங்களில் மாலைகள் அளவுக்கு மீறிச் சிவக்கும். கருவிகள் இல்லாத காலத்தில் மாலையைப் பார்த்து எழுதிவைத்தவர்கள் யார்? கவிஞர்கள். எத்தனை இடத்தில் வானம் சிவந்தது என்றார்கள் என்று நூற்றாண்டு வாரியாக எண்ணினேன். ஒரு நூற்றாண்டில் மட்டும் வரைகோடு மலையாக எழும்பி நிற்கிறது.

அந்த மலையைப் பார்க்கும்போது, என்றோ செத்துப்போன ஒருவர் பக்கத்து வீட்டு ஜன்னலைத் திறந்து, வா, நீயும் பார் என்று கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அசட்டுத்தனம். ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 2

சிவந்த மாலைகளைப் பற்றிய என் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள்!

இயக்குநர் எழுந்து வந்து கை கொடுத்தார். ஜூனில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் அச்சாகிவிட்டால் இந்த அறை நிரந்தரம், தனிப் பிரிவாகவே ஆகிவிடும். இல்லாவிட்டால் பழையபடி ஸ்டோர் ரூம். "அந்த மலையைக் காட்டினா போதும் மேடம், குழு வாயே திறக்காது."

மார்ச் 3

வானம் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 15

ப்ரூஃப் தாள்கள் வந்தன. நேராக மாடிக்குப் போய் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடித்தனம். பெண்கள் கல்லூரியில் பழைய இலக்கியம் நடத்துகிறாள். என்னைத் தூசி என்றுதான் கூப்பிடுவாள். இவ்வளவு நாளும் அவளிடம் மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்தபிறகு நீட்டி, அவள் வாயடைத்து நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று ஓர் அற்ப ஆசை.

"எங்க பாட்டெல்லாம் உன் கட்டுரைல என்னடி பண்ணுது?" என்று கண்ணாடியைத் தேடினாள்.

மார்ச் 16

வாயடைத்து நின்றது நான்.

காலையில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். "தூசி, இதுல பாதிக்கு மேல பிரிவுப் பாட்டுடி. போனவன் வரல, இவ காத்துக்கிட்டிருக்கா. அந்த மாதிரிப் பாட்டுல மாலை சிவந்துதான் ஆகணும். அது முறை. எழுதினவன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து எழுதினாலும் சிவக்கும்."

"அப்போ அந்த மலை?"

"அந்தக் காலத்துல பிரிவைப் பாடறது ஒரு மோஸ்தர். ஆளாளுக்கு அதையே பாடினாங்க. வேற என்ன?"

பிறகு ஈரப் போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். இருவருமாகப் பிழிந்தோம்.

மார்ச் 17

அவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது வானத்தை நிமிர்ந்து பாத்திருக்காளா? நாலு உரையைப் படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா — பொறாமை. வேற ஒண்ணுமில்ல, பொறாமை.

இல்லை. அவளுக்குப் பொறாமை வராது. வயிறு எரிவது எனக்கு.

மார்ச் 20

பிரிவுப் பாடல்களை ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ணினேன். மலையைக் காணோம். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. இத்தனை நாள் நான் எண்ணியது தூசியை இல்லை, காத்திருந்தவர்களை.

ஒளிமானியைச் சரிபார்க்காமல் ஓர் அளவுகூட எடுக்கமாட்டேன். கவிஞனைக் கருவி என்று எழுதினேனே, அவனைச் சரிபார்க்க ஏன் தோன்றவில்லை?

மார்ச் 23

இயக்குநரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "குழுவுல இருக்கற யாரும் பாட்டுப் படிக்கற ஆளில்ல மேடம். ஜூன் முடியட்டும். அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம்." கெட்டவர் இல்லை. அறையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

எனக்கும் அந்த அறை வேண்டும். ரொம்ப வேண்டும். இரண்டு சுவரையும் ஒரே நாற்காலியிலிருந்து எட்ட முடிகிற இடம் எனக்கு வேறு எங்கே இருக்கிறது?

வீட்டில் இவரிடம் கேட்டேன். செஸ் பலகையிலிருந்து தலையை எடுக்காமல், "எதைச் செஞ்சா உனக்குத் தூக்கம் வருமோ அதைச் செய்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன்காரர் தலையாட்டிவிட்டு இவருடைய குதிரையை வெட்டினார்.

மார்ச் 29

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அழுதேன். அவ்வளவுதான்.

ஜூன் 12

குழு வந்தது, டீ குடித்தது, போயிற்று. அறையும் போயிற்று. ஒளிமானிகள் கீழே பொது ஆய்வகத்துக்கு, புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் வீட்டுக்கு. ஏற்றிய வண்டிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உள்ள என்ன மேடம், கல்லா?" என்றார். பாட்டு என்றேன். நான் கேலி பண்ணுவதாக நினைத்துக்கொண்டார்.

ஜூன் 13

பாட்டில் வரும் பெண்கள் எல்லோரும் கனவில் என் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு சிவந்த மாலைப்பொழுது, மடித்த துணிபோல. எதெல்லாம் நிஜம் என்று கேட்டேன். எல்லாம் நாங்க உடுத்தினதுதான் என்று சிரித்தார்கள். விழித்தபிறகும் கொஞ்சநேரம் அறை சிவப்பாகவே இருந்தது.

ஜூலை 6

ஞாயிறு. அக்கா ஒரு தொகுப்பில் விரலை வைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். இவ்வளவு நாள் நான் முகம் கொடுத்துப் பேசாததை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"இதைக் கேளு. இவ யாருக்கும் தெரியாம அவனைப் பாக்கப் போகணும். அதுக்கு இருட்டணும். பறவை அடைஞ்சாச்சு, ஊர்ல விளக்கேத்தியாச்சு, ஆனா மேக்கால வெளிச்சம் போகவே மாட்டேங்குதுன்னு ஒரு வரி. உரைக்காரர் இதைக் குற்றம்னு எழுதிட்டார். நானும் வருஷா வருஷம் குற்றம்னுதான் நடத்தறேன். பாட்டு இருட்டுக்குத் தயாராகுது, இது குறுக்க நிக்குது."

"அப்புறம் ஏன் எழுதினான்?"

"அதான்டி. முறை தெரிஞ்சவன் எவனும் இப்படி எழுதமாட்டான். கண்ணால பாத்திருந்தாத்தான் எழுதுவான்."

நுண்தூள் உயரத்தில் தங்கிய வருடங்களில், சூரியன் மறைந்தபின்னும் மேற்கில் ஒரு வெளிச்சம் நெடுநேரம் நிற்கும் என்று சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வைத்த பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபிறகுதான் விட்டாள்.

ஆகஸ்ட் 18

முறைப்படி சிவந்த மாலைகளை அவள் தள்ளுகிறாள். பாட்டைக் கெடுக்கும் மாலைகளைப் பொறுக்கி என்னிடம் தருகிறாள். வண்டி நிறைய இருந்தது ஒரு கைப்பிடி ஆகிவிட்டது. இதை வைத்து எந்த நூற்றாண்டைப் பற்றியும் அடித்துச் சொல்லமுடியாது. தெரியும். ஆனால் மிஞ்சிய ஒவ்வொன்றையும் யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள்.

அக்கா இப்போதெல்லாம் சாயங்காலமானால் மொட்டைமாடியில்தான். "அந்த ஊதாவுக்குக் கீழ ஒரு மஞ்சள் இருக்கே, அதுக்கு என்னடி பேரு?" பேர் இல்லை என்றேன். "இத்தனை வருஷம் பாக்காம விட்டுட்டேனே" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

நான் கீழே வந்து, அந்தக் குற்றம் சுமந்த பாட்டை முதல்முறையாக எதையும் எண்ணாமல் முழுசாகப் படித்தேன். பாவம் அந்தப் பெண். கடைசிவரை இருட்டவே இல்லை.

செப்டம்பர் 9

அக்காவின் கல்லூரியில் வாரம் ஒரு சாயங்காலம் கொடுத்திருக்கிறார்கள். இலக்கிய மாணவிகளும் இயற்பியல் மாணவிகளும் சேர்ந்து ஒரே வகுப்பு, நடத்துவதும் இருவர். வகுப்பறை கிடையாது, மொட்டைமாடிதான். நிறுவனத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். இவர்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே லேசாக மேகம்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். "மேடம், இந்த வகுப்புக்கு நாங்க முதல்ல என்ன செய்யணும்? வானத்தைப் பாக்கணுமா, பாட்டைப் படிக்கணுமா?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.

"வானத்தைப் பாரு" என்றாள் அக்கா.

"பாட்டைப் படி" என்றேன் நான்.

சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் ஆயிற்று.