கண்ணு என்று கூப்பிட்ட மத்தியானம்

இந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனதால், சொல்ல வேண்டியது கதையாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டப்பட்டிருக்கிறது.

வடமதுரையில் மணிமாறன் என்று ஒரு ஆட்டு வியாபாரி. போன வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் ஆடுகளை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டியவர், தான் மட்டும் உச்சி வெயிலில் நின்றுவிட்டு வீடு வந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. பொட்டு வியர்வை இல்லை. வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து, வாய் குழற, "கண்ணு, செத்த இங்க வாயேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து "ஏ புள்ள"யைத் தாண்டாத வாய்! வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று பெண்டாட்டி பாண்டிச்செல்விக்கு அப்போதே புரிந்துவிட்டது. 108-க்குப் போன் போட்டாள். வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றிக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள், முறத்தால் விசிறினாள். நினைவு தடுமாறுகிறவருக்குப் புரையேறும் என்று வாயில் மட்டும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பிழைத்து வந்த மகராசரோ, தெருவே பார்க்கக் குளிப்பாட்டிவிட்டாள் என்று இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்.

அந்தப் பாண்டிச்செல்வி வேலைக்குப் போயிருக்கிறாள். சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் அடுப்படியில். பானையில் இருக்கும் மோர் சாயங்காலத்துக்குள் காலியாக வேண்டும். மலைச்சாமி அண்ணன் சந்தைக்குக் கூப்பிட வந்தால், "டாக்டர் வெயில்ல தலைகாட்டக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லவும். பைக் சாவியைத் தேட வேண்டாம். அது அவள் கைப்பையில் இருக்கிறது.

மறந்தது: மாடியில் காயும் துணியை எடுக்கவும். வெயில் தாழ்ந்த பிறகு.

இன்னொன்று: அந்த வார்த்தையை உடம்பு நன்றாக இருக்கும்போதும் சொல்லலாம். தண்ணீர் ஊற்ற மாட்டாள்.