ஓலையில் என் பெயர்

1927 பிப்ரவரி 3, வியாழன்

ஞாயிறுதோறும் நான் நடத்தும் பெண்கள் வேத வகுப்புக்கு இந்த மாதம் யோசேப்பின் கதை. கூடப்பிறந்தவனையே விற்றுவிடும் அளவுக்கு அண்ணன்மாருக்கு என்ன கோபம்? அப்பன் அவனுக்கு மட்டும் கொடுத்த பலவர்ண அங்கி என்று சொல்லலாம். ஒரு அங்கிக்காகவா?

சாயங்காலம் அப்பாவுக்குக் கடுதாசி. கடல் தாண்டி அக்கரையில், புக்கிட் தெங்கா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ஆசீர்வாதம் பெண் கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் கண்ணெடுக்காமல் பார்த்தது என் தங்கை செல்லத்தை. கடுதாசியில் ‘உங்கள் மகளை’ என்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 5

அப்பா பதில் போட்டுவிட்டார். ‘என் மகளைத் தருகிறேன்.’ அவரும் பெயர் எழுதவில்லை.

“மூத்தவ நீ இருக்கையில சின்னவள எப்படிக் குடுப்பேன்? கல்யாண ஓலையில உன் பேரத்தான் குடுக்கப்போறேன். மூணு ஞாயிறு சபையில அறிவிப்பா வாசிச்சப்புறம் மாட்டேன்னு சொல்லுவானா?”

எனக்கு இருபத்தொன்பது வயது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதவே கை கூசுகிறது — சொல்லவில்லை.

பிப்ரவரி 6, ஞாயிறு

யோசேப்பு பிறப்பதற்கு முந்திய கதையையும் வகுப்பில் சொன்னேன். ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்த யாக்கோபுக்கு, மாமன் லாபான் முக்காட்டுக்குள் மூத்தவள் லேயாளை வைத்துக் கட்டிக்கொடுத்தது. பிறகு அக்காளும் தங்கையும் ஒரே புருஷனோடு வாழ்ந்தது. யோசேப்பு ராகேலின் பிள்ளை; அண்ணன்மாரில் பலர் லேயாளின் பிள்ளைகள்.

துணி வெளுக்கும் சின்னம்மாக்கா சொன்னாள்: “அங்கி ஒரு சாக்குதான் லா. அம்மாமாரு சண்டைய புள்ளைங்க போட்டிருக்கு.” பிறகு கேட்டாள்: “ஆமா, அந்த மூத்தவளுக்கு முன்னாடியே தெரியுந்தானே? ஏன் வாயத் தொறக்கல?”

ஜெபம் சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 9

செல்லம் என்னோடு பேசுவதில்லை. விடாமல் கேட்டதற்கு, “அவரு யாரப் பாத்தாருன்னு ஒனக்குத் தெரியும்க்கா,” என்றாள்.

பிப்ரவரி 11

நாளை மறுநாள் முதல் ஓலை. அவர் என்னைத் திருப்பி அனுப்பமாட்டார். வைத்துக்கொள்வார் — அதுதான் பயம். என் முகத்தில் அவளைத் தேடுவார். நாளைக்கு என் பிள்ளை அவள் பிள்ளையை எந்தக் கண்ணால் பார்க்கும்?

பிப்ரவரி 12, சனி

யாரிடமும் சொல்லாமல் ஃபெரி ஏறினேன். எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்று ஆசீர்வாதத்தை வெளியே வரச்சொன்னேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“நீங்க பொண்ணு கேட்ட வீட்டு மூத்த பொண்ணு. நாளைக்கு ஓலையில என் பேரத்தான் வாசிக்கப்போறாங்க.”

அவர் முகம் வெளுத்துப்போனது. “நான் கேட்டது…”

“தெரியும். காலையில வந்து அப்பாகிட்ட பேரச் சொல்லிக் கேளுங்க.”

“உங்களுக்கு வருத்தமில்லையா?” என்றார்.

இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரி 13, ஞாயிறு

முதல் ஃபெரியில் வந்து, கோயில் வாசலில் அப்பாவிடம் செல்லத்தைப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டார். ஓலை வாசிக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, “பெத்த அப்பன் மானத்த வாங்கிட்டியே,” என்றார். செல்லம் என் மடியில் தலைவைத்து அழுதாள்.

பிப்ரவரி 27, ஞாயிறு

முதல் ஓலை. செல்லத்தின் பெயர். தலைகுனியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மே 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்து பத்து நாள். வீட்டில் நானும் அப்பாவும்தான்; ஓலை நின்ற அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

இன்று ஆராதனை முடிந்து நடக்கத் தொடங்கியிருந்தேன். பின்னாலிருந்து ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. உள்ளே அப்பா.

“வெயிலு. ஏறு,” என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தார்.