இரண்டு கோப்பை பூ

மச்சான்,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை ட்வெய்ட்டாவில், என் வீட்டுக்குக் கிட்ட ஒரு கடைக்குள், கறுவாப்பட்டைத் தூள் போத்தலின் மூடியைத் திறந்து மணந்துகொண்டு நின்று பிடிபட்டேன். ஐம்பத்துமூன்று வயது ஆள், மூக்கு நுனியில் மண்ணிறத் தூள். சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பெட்டை, உதவி ஏதும் வேண்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. அவளுடைய சட்டையில் பாதிப் போத்தல். மிச்சத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். இதோடு வீட்டில் நாலு போத்தல் இருக்கிறது. ஒன்றிலும் உன் குசினி மணம் இல்லை.

அந்த மணம் வருஷத்தில் ஒரு நாள்தான் வரும். வருஷக் கடைசி நாள், மத்தியானம், அம்மருட்டில் உன் ஒன்பதாம் மாடி வீடு. நீ அப்பிளின் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டு, சின்னவிரல் தடிப்பில் வளையம் வளையமாக வெட்டிக்கொண்டு நிற்பாய். நான் கதிரையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருப்பேன். வேலையை அப்படித்தான் பிரித்திருந்தோம். கலியாணம் கட்டி நோர்வேக்கு வருமுன் நாலு வருஷம் நீ ஒல்லாந்தில் அகதி முகாமில் இருந்தாய். அங்கே வருஷப்பிறப்புக்குத் தெருவண்டியில் நின்று பொரித்துப் பழகினது இது. அதற்கு ஒல்லாந்துப் பெயர் ஒன்று இருந்தது. நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. எனக்கு அது அப்பிள் வடை.

"எங்கட ஊரில கோட்டை கட்ட வந்த ஒல்லாந்துக்காரங்கள் எங்கட உழுந்துவடையைப் பாத்துத்தான் ஓட்டை போடப் பழகினவங்கள்" என்பேன்.

"வாயை மூடிக்கொண்டு துடை" என்று ஒரு துணியை என் மடியில் எறிவாய். "ஈரத்தில ஒண்டும் ஒட்டாது."

துடைப்பேன். ஒவ்வொரு வளையத்தையும் துடைத்து, சீனியும் கறுவாவும் தூவி, முதலில் வெறும் மாவில் புரட்டி, பிறகுதான் முட்டையும் பாலும் ஒரு மிடறு பியரும் சேர்த்துக் கரைத்த மாவில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் தாச்சி எண்ணெயில் மா ஒரு பக்கம், அப்பிள் ஒரு பக்கம்.

மா என்று எழுதிவிட்டேன். எங்கள் இரண்டு பேரின் பாஷையில் அது மா இல்லையே. ஒல்லாந்துக்காரருக்கு மாவுக்கும் பூவுக்கும் ஒரே சொல், 'ப்ளூம்' என்று நீ ஒரு தரம் சொன்னாய். நான் விடுவேனா?

"அப்ப சாமிக்கு என்னத்தை வைப்பாங்கள், கோதுமையோ?"

"நாங்கள் மட்டும் திறமோ? மாமரத்துக்கும் மா, இடியப்பத்துக்கும் மா" என்று திருப்பித் தந்தாய்.

அன்றிலிருந்து உன் குசினியில் மாவுக்குப் பெயர் பூ. பூவை அரி. பூ காணாது, இன்னும் போடு. பூ என் மூக்கில் ஏறிவிட்டது. உன் மனைவி, 'இரண்டு பைத்தியங்கள்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

போன மாதம் உன் மகள் ஆரணி போன் எடுத்தாள்.

"மாமா, அப்பா கையால எழுதின ஒப்ஸ்க்ரிஃப்ட் ஒண்டு கிடைச்சிருக்கு, அப்பிள் வடை செய்யிற முறை. ஆனா விளங்கேல்லை. பூ இரண்டு கோப்பை எண்டு கிடக்கு. என்ன பூ மாமா? மல்லிகையோ?"

சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறு குலுங்கின சிரிப்பு. அது முடிகிற இடத்தில் வேறு ஏதோ வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். மா என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். "நான் வந்து காட்டுறன் பிள்ளை" என்று வாய் சொல்லிவிட்டது. ஒரு வருஷமாக அந்த வீட்டுப் படி மிதிக்காமல் தப்பித் திரிந்தவன் நான். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முந்தின வருஷக் கடைசி நாள். கடைசித் தட்டு பொரிகிறபோது நீ கண்ணகப்பையைக் கீழே வைத்தாய். பொரித்து முடியாமல் அந்த ஓட்டைக் கரண்டியை நீ ஒரு நாளும் கீழே வைத்ததில்லை. உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாய்.

"நெஞ்சுக்குள்ளை ஏதோ இறுக்கிற மாதிரிக் கிடக்கடா. வீட்டில சொல்லிப்போடாதை."

நான் கேட்டேன்: "ஒன்பது அப்பிள் வடையைத் திண்டவனுக்கு இறுக்காமல், தாலாட்டோ பாடும்?"

நீயும் சிரித்தாய். சிரித்தபடியே கதிரையின் முதுகைப் பிடித்தாய். அதையும் நான் விடவில்லை. "கிழவனுக்கு ஊண்ட ஒரு பொல்லு வாங்கோணும்" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை, வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த வாங்குப் பலகையில், இருந்தபடியே போய்விட்டாய்.

செத்தவீட்டில் எல்லாரும் ஒரே கதைதான். திடீரென்று. ஒரு அறிகுறியும் இல்லாமல். நான் தேத்தண்ணீர்த் தட்டை ஏந்திக்கொண்டு ஆள் ஆளாகப் போய், அதைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. அரசாங்கக் கந்தோரிலிருந்து நோர்வே பாஷையில் வரும் கடிதங்களை எல்லாம் நீதான் வாசித்துச் சொல்வாய். உன் நெஞ்சில் எழுதியிருந்ததை ஒரே ஒரு தரம் நான் வாசித்திருக்கலாம். வாசிக்கத் தெரியாவிட்டாலும், உன் மனைவியைக் கூப்பிட்டாவது காட்டியிருக்கலாம்.

முந்தாநாள், வருஷக் கடைசி நாள், உன் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தி.

"மல்லிகை கிடைக்கேல்லை மாமா. சும்மா, தேவைப்பட்டால் எண்டு."

"இது பொரிக்க ஏலாது பிள்ளை. அப்பாவின்ர படத்துக்கு வை" என்று சொல்லி, மாவின் கதையைச் சொன்னேன். மேசையில் கையால் அடித்துச் சிரித்தாள். உன் பல்லடா அது.

உன் மனைவி மோர்டென்ஸ்ருட்டில் தமையன் வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். ஆரணி வெட்டினாள், நான் துடைத்தேன். முதல் வளையங்களை எண்ணெயில் விட்டோம். அப்போதுதான், தாச்சியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமா, கடைசியா நீங்கள்தானே அப்பாவோட இஞ்சை நிண்டனீங்கள். உடம்புக்கு ஏலாமல் கிடக்கெண்டு ஏதும் சொன்னவரோ?"

ஒரு பகிடி வாய் வரைக்கும் வந்தது. நல்ல பகிடி. விழுங்கிவிட்டேன்.

சொன்னேன் மச்சான். இறுக்கம், ஒன்பது வடை, தாலாட்டு, பொல்லு, ஒன்றையும் விடவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்து மடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, வெளியே போங்கோ என்று சொல்வாள் என்று நின்றேன்.

"எனக்கும் சொன்னவர்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்குப் பின்னேரம். நான் சிநேகிதியளோட புதுவருஷ ஃபெஸ்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான். குளிசை ஒண்டைப் போட்டுட்டுப் படுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டன். அம்மாட்டைச் சொல்லாதை எண்டவர். நான் சொல்லேல்லை, மாமா. இண்டைவரைக்கும் சொல்லேல்லை."

அந்த நேரம் உன்மேல் எனக்கு வந்த கோபம்! ஒரு வருஷமாக என்மேல் மட்டும்தான் கோபம் என்று இருந்தேன். இரண்டு பேரிடம் சொல்லி, இரண்டு பேருடைய வாயையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நான் என் பகிடியோடு ட்வெய்ட்டாவில். இந்தப் பிள்ளை தன் குளிசையோடு, உன் மனைவிக்கு முன்னால், ஒவ்வொரு நாளும் ஒரே மேசையில்.

"அம்மாட்டைச் சொல்லோணும் மாமா."

"ஓம்."

"எனக்குத் தனியச் சொல்ல ஏலாது."

"திவசத்துக்கு முதல் வாறன். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவம்."

உன் மனைவி என்ன சொல்வாளோ எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரிந்திருக்கும். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. இரண்டு நாளாக இருந்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் சின்ன ல-வா பெரிய ள-வா என்று கேட்க ஆளில்லாமல் நிற்கிறேன்.

அன்றைக்கு நடந்த மிச்சம் இதுதான். நாங்கள் கதைத்து முடிக்கிறபோது தாச்சியில் வளையங்கள் கரியாகி, குசினி முழுக்கப் புகை. ஆரணி அடுப்பை நிறுத்தினாள். புகைத்தால் யன்னலைத் திற, வாசல் கதவைத் திறக்காதே என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாய். நான் வாசல் கதவைத் திறந்தேன். புகை படிக்கட்டுக்குப் போக, கட்டடம் முழுவதும் மணி அடித்தது. எல்லா மாடி ஆட்களும் படியால் இறங்கிப் பனிக்குள் நின்றார்கள். ஒரு கிழவி பூனையோடு. ஒருவர் பாதிக் குளிப்பில், துவாயோடு. தீயணைப்புக்காரர் வந்து எந்த வீடு என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். கதவில் இன்னும் அதுதான் இருக்கிறது. அவர் மேலே போன பிறகு பார்த்தேன், என் கையில் உன் கண்ணகப்பை. அதில், பதம் பார்க்க முன்னமே எடுத்த வளையம் ஒன்று, கரியாகாமல் மிஞ்சியிருந்தது. ஆரணியும் நானும் பாதி பாதியாகப் பிய்த்துத் தின்றோம்.

பூ வேகவில்லை.