சனிக்கிழமை வந்துடுவாரு

5 ஜூலை 2004, திங்கள்

விடாத மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியது: பால், கற்பூரம், டீத்தூள் (துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு).

அப்பா போனது வியாழக்கிழமை. லோனாவ்லா பஸ்ஸில் நெஞ்சுவலி. இறக்கிப் படுக்க வைத்தார்களாம், அவ்வளவுதான். பக்கத்தில் பிரஷர் குக்கர் பை. ஊர் ஊராகக் குக்கர் விற்றே எங்களை ஆளாக்கியவர்.

ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விஷ்ராந்த்வாடி வீட்டில், அம்மாவோடுதான்.

மத்தியானம் ஃபோன். தேஹு ரோட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், பெயர் செல்வி, குக்கர் விஷயமாக. அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அம்மா, “லைனுக்குப் போயிருக்காரு. சனிக்கிழமை வந்துடுவாரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா வெளியூர் விற்பனைக்குக் கிளம்பினாலே எங்கள் வீட்டில் ‘லைன்’தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

7 ஜூலை, புதன்

தூறல். ஃபோன் மேல் ஃபோன். எல்லோருக்கும் அதே பதில், அதே சனிக்கிழமை.

தம்பி ரவி: “ஒயரைப் புடுங்கிடலாம்க்கா.”

“புடுங்கு. அம்மா புது ஒயர் வாங்கியாந்து மாட்டும்.”

அலமாரியில் அப்பாவின் சட்டைகள். அடுக்க உட்கார்ந்தேன், முடியவில்லை, மூடிவிட்டேன்.

அவர் டெமோ காட்டும் விதமே தனி. வீட்டுக்காரம்மாவை அவள் சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். “இன்னிக்கு ஒரு நாளு நான் சமைக்கிறேன், நீங்க பாருங்க.” பஞ்சாபி வீட்டில் ராஜ்மா, மராத்தி வீட்டில் வரண் என்கிற பருப்பு, நம்மாட்கள் வீட்டில் சாம்பார். பருப்பு எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து போகும். அம்மா திட்டிக்கொண்டே அளந்து கொடுப்பாள். விசில் வரும்வரை எங்களைப் பற்றித்தான் பேச்சு. ரவி கணக்கில் கோட்டை விட்டது ஊரெல்லாம் தெரியும். புருஷன் பெண்டாட்டி மட்டும் இருக்கும் வீட்டில் பெரிய குக்கர் கேட்டால், “சின்னதே போதும்மா” என்பார். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வாராம்.

எங்கே போனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பார். சாத்தாராவோ அகமத்நகரோ, கையில் ஏதாவது தின்பண்டம். கால் கழுவுவதற்குள் ரவி பையைக் கவிழ்த்துவிடுவான்.

10 ஜூலை, சனி

மழை இல்லை. புழுக்கம்.

செல்வி மறுபடி ஃபோன். அக்கம்பக்கத்துப் பெண்களை டெமோவுக்குக் கூட்டி வைத்துக் காத்திருக்கிறாளாம். அம்மா, “அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா” என்றாள். பொறுக்கவில்லை, கத்திவிட்டேன்.

“வெள்ளிக்கிழமை காரியத்த வெச்சுக்கிட்டு என்னம்மா பேச்சு இது?”

“நான் வாயத் தொறந்து சொல்லிட்டா அவ்ளோதானடி. நீங்க ஆயிரம் சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன். காரியத்துலயும் வந்து உக்கார மாட்டேன்.”

ரவி குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வெளியே நல்ல வெயில்.

11 ஜூலை, ஞாயிறு

லோக்கல் ரயில் பிடித்துத் தேஹு ரோடு. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆறு பேர் நெருக்கியடித்து. செல்வி கதவைத் திறந்ததும், “ஜெயாதான நீ? அப்பா ஜாடை அப்படியே. சார் எங்க?” இதற்கு முன் அவளை நான் பார்த்ததே இல்லை.

சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ராணுவ டிப்போவில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஸ்டேஷன்வரை வந்து ரயிலேற்றிவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

“எதுக்குடி சொன்ன?” ராத்திரி சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

14 ஜூலை, புதன்

வேலூரிலிருந்து மாமா வந்தாயிற்று. காரியத்துக்கு: வாழை இலை, எள், தேங்காய், வேட்டி. ஐயருக்கு ரவி சொல்லிவிட்டான்.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எந்தங்கச்சி அழுவாம இருக்குறது நல்லதுக்கில்லம்மா” என்றார். எனக்கு மட்டும் தெரியாதா? அம்மா உள்ளே அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

15 ஜூலை, வியாழன்

காலையிலேயே மழை. இலைக்காரன் வரவில்லை.

பத்து மணி வாக்கில் ஃபோன். நான் ஓடுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். ஆளந்தி ரோடு ஷிண்டே பாபி. குக்கரில் விசில் வரவில்லை, பையாவை (அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவாள்) அனுப்பு என்கிறாள். அம்மா வழக்கம்போல சனிக்கிழமை என்று சொல்லி வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“ஓ நஹீ ரஹே, பாபி. ஹார்ட் அட்டாக்.” அவர் போய்விட்டார் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் அழுவது எனக்கே கேட்டது. அம்மா தன் ஓட்டை ஹிந்தியில் அழாதே என்று அவளைத் தேற்றினாள். “ரோனா நை, பாபி. ரோனா நை.” அப்புறம் நிதானமாக, ரப்பர் தளர்ந்திருக்கும், கழுவித் துடைத்துக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் போடு, சரியாகிவிடும் என்று விளக்கினாள். அப்படியும் வராவிட்டால் குக்கரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றாள்.

ரிசீவரை வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். “சண்முகம்… சண்முகம்…” என்று அப்பா பெயரைச் சொல்லி அலறினாள். மாமா எழுந்தார். வேண்டாமென்று கை காட்டினேன். இத்தனை வருஷத்தில் அம்மா அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள்.